உரிமம் யார் பேரில்

கொம்தாரில் இரண்டு லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மூன்றாவதில் எல்லோரும் ஏறினோம்.
எடை தாங்காமல் அது மணியடித்தது.
கடைசியாக ஏறிய நான்தான் இறங்கினேன்.

என் எண் 2047.
சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தது 2019.
பக்கத்து நாற்காலியில் ஒரு சீனர்,
மீன்தொட்டிக் கடைக்குப் பெயர்ப்பலகை போட அனுமதி கேட்டு வந்தவர்,
பலகையின் நீள அகலத்தை உள்ளங்கையில் எழுதியிருந்தார்.
வியர்வையில் அகலம் அழிந்துகொண்டிருந்தது.

என் கேள்வி சின்னது.
டத்தோ கெராமாட் சாலையில் அந்தச் சாப்பாட்டுக் கடை,
முதலில் அம்பாள் விலாஸ்,
அப்புறம் அம்பாள் கறி ஹவுஸ்,
இப்போது வெறும் கறி ஹவுஸ்.
அம்பாள் போய்விட்டாள்,
கடன்காரர்கள் போகவில்லை.
எனக்கு மூன்று மாதச் சம்பளம் வர வேண்டும்.

தொழிலாளர் இலாகாவில் கேட்டார்கள்:
முதலாளி யார்?
நாகலிங்கம் என்றேன்.
அது சரி, லைசன்ஸ் யார் பேரில்?

கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கியது உண்மைதான்.
அதை மறைத்து ஒரு முருகன் காலண்டர்.
ஆறு வருடம் தேதி கிழித்தவள் நான்.
தேதிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று
ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

பாரத்தில் 'காரணம்' என்று ஒரே ஒரு கோடு.
'சம்பளம்' என்று எழுதினேன்.
மீதிக் கோடு சும்மா கிடந்தது.
கவுண்டரில் ரொஹாய்ஸா பதினைந்து ரிங்கிட் வாங்கினாள்,
ரசீது கொடுத்தாள்,
இரண்டு வாரம் என்றாள்.

பதினாறாம் நாள் வந்தது இரண்டே தாள்.
கடை முகவரி. வியாபாரத்தின் வகை.
மேசை பன்னிரண்டு.
பெயர்ப்பலகை எத்தனை அடி.
உரிமதாரர்:
புஸ்பலில்லா அனாக் பெரம்புவான் ஆறுமுகம்.

அப்பா வைத்தது புஷ்பலீலா.
பதிவு கிளார்க் அவசரத்தில் ஓர் எழுத்தைத் தின்று
இன்னொன்றை இரட்டிப்பாகத் துப்பினான்.
அந்தப் பிழையோடு உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

சேமநிதிக்கு வேணும்மா,
ஐ.சி. ரெண்டு பக்கமும் நகல் எடு.
இங்கே ஒரு கையெழுத்து.
இங்கேயும்.
இரண்டாவது கையெழுத்தின் மேல் கறுப்பாக ஒரு பொட்டு.
நகலில் கறுப்பு.
அன்றைக்கு அது மீன்குழம்பு.

ஆக,
என் கடையில் நான் தட்டு கழுவினேன்.
என் கடையில் உட்கார்ந்ததற்கு
நான் திட்டு வாங்கினேன்.
எனக்கு மூன்று மாதப் பாக்கி,
தர வேண்டியவளும் நானே.

"ரெண்டு சம்மன் இருக்கு காக்,"
ரொஹாய்ஸா குரலைத் தணித்தாள், திட்டுவதுபோல் இல்லை,
"ஒண்ணு சாக்கடை அடைப்பு,
ஒண்ணு அஞ்சடியில் மேசை போட்டது."
மேசை போட்டது நான்தான்.
அதில் மட்டும் தப்பில்லை.

மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டுமாம்.
ரத்து செய்வதென்றால்?
"உரிமதாரர் நேரில் வரணும்."
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் என் ஐ.சி.யைப் பார்த்தாள்,
மறுபடி என்னை,
பிறகு இழுப்பறையிலிருந்து வேறொரு பாரம்.

அதிலும் 'காரணம்' என்று ஒரு கோடு.
இதற்கு ஒரு வார்த்தை போதாது.
நூல் கட்டிய பேனா அந்தக் கோடு வரை எட்டவில்லை,
தாளைப் பேனாவிடம் இழுக்க வேண்டியிருந்தது.
எழுதப்போகும்போது ரஃபிகுல் ஞாபகம் வந்தான்.
இந்நேரம் அங்கே ரொட்டி தட்டிக்கொண்டிருப்பான்.
அவனுக்கு நான்கு மாதம்.
கடையை மூடினால் அவன் யாரிடம் கேட்பான்?
இதே கவுண்டருக்கு வருவான்.
இதே இரண்டு தாள் வாங்குவான்.
அதில் என் பெயரைப் படிப்பான்.

பின்னால் யாரோ தோளைத் தொட்டார்கள்.
மீன்தொட்டிக்காரர்.
பலகை பெரிதென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
இந்த முறை அளவை அட்டையில் எழுதியிருந்தார்.

"தவுக்கே சோ," என்றார்,
"பேனா முடிஞ்சுதா?"