நூற்றோராவது கண்ணி

சேலம் கலெக்டர் கச்சேரியில் இன்று பசலி 1357.
எங்கள் வருஷம் ஜூலையிலேயே பிறந்துவிட்டது.
இன்று நள்ளிரவில் பிறக்கப்போவதற்கு
பதிவறைப் பேரேட்டில் கட்டம் இல்லை.

வெளியே கம்பம் நடக் குழி தோண்டுகிறார்கள்.
கடப்பாரை பாறையில் பட்டு ஒலிக்கிறது.
எனக்கு உத்தரவு:
பழைய அளவுகளில் பிசகு இருந்தால் பட்டியல் போடு,
புது சர்க்கார் கேட்டால் கொடுக்க.

அரிக்கேன் வெளிச்சத்தில் கட்டுகளை அவிழ்க்கிறேன்.
ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சண்டை முடிந்த
உடன்படிக்கையின் நகல் மேலே கிடக்கிறது.
எங்கேயோ இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள்.
சேர்வராயன் மலையும் அடிவாரக் கம்பங்காடும்
ஒரே ஒரு வரியில் கைமாறியிருக்கின்றன.
அந்த ஒரு வரி பிறகு குட்டி போட்டது:
ஏருக்கு வரி, மலைமேல் கொத்துக்கு வரி,
தறிக்கு வரி.
மழை தவறிய தாது வருஷத்திலும்
தவறாமல் வந்தது கிஸ்தி.

அடியில் ஒரு மகஜர், கரையான் மிச்சம் வைத்தது.
"கொண்டப்பநாயக்கன்பட்டித் தீர்த்தகிரி, சங்கிலி ஆள்,
முப்பத்து மூன்றடிச் சங்கிலியில்
கஞ்சமலை இரும்பால் ஒரு கண்ணி கூட்டினான்.
நூறு இருக்க வேண்டிய இடத்தில் நூற்றொன்று."

சங்கிலி நீண்டால் பூமி சுருங்கும்.
எண்ணியவன் எண்ணினான், எழுதியவன் எழுதினான்,
துரை குடைக்குக் கீழே தலையாட்டினார்.
காடுகள் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் இளைத்துக்
காகிதத்தில் ஏறின.

பதினேழு காடுகள்.
பதினெட்டாவதில் பிடிபட்டான்.
கழுத்தையும் கால்விரலையும் ஒரே கயிற்றில் கட்டி
உச்சிவெயிலில் வைத்தார்களாம்.
எவ்வளவு நேரம் என்ற இடத்தில் ஓட்டை.
யார் சொல்லிச் செய்தாய் என்றதற்கு
அவன் சொன்னதாக இருப்பது இவ்வளவுதான்:
"காடு பாரம் தாங்கலை."

ஓரத்தில் சிவப்பு மை: மறு அளவு பின்னர்.
பின்னர் வரவேயில்லை.
செட்டில்மெண்டுக்கு வந்தவர்களும் வெயிலுக்குப் பயந்து
பழைய எண்ணையே பெயர்த்து எழுதியிருக்கிறார்கள்.

நான் யோக்கியன் இல்லை.
நாற்பத்திரண்டில் தந்திக்கம்பி அறுந்த ஊர்மேல்
விழுந்த கூட்டு அபராதத்துக்கு
வீடு வீடாக ஜப்தி எழுதிய கை இது.
செப்புக்குடம் ஒன்று.
உலக்கைப் பூண் இரண்டு.
தொட்டில் கம்பு ஒன்று;
அது வேண்டாங்க என்றான் சேவகன்.
எழுதியதை அடித்தேன். அடித்த கோடு கோணலாகிவிட்டது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெடிச் சத்தம்.
கடலைப் பார்க்காமலேயே உப்புக்காக
ஆறு மாதம் உள்ளே இருந்த சௌடப்பன்
தறியை நிறுத்திவிட்டு வீதியில் ஆடுகிறானாம்.
பியூன் சொல்லிவிட்டுத் தானும் ஓடுகிறான்.

நான் துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடுகிறேன்.
நூற்றுக்கு ஒன்று நீளத்தில், நூற்றுக்கு ஒன்று அகலத்தில்.
ஏக்கருக்கு இரண்டு சென்ட்.
ஒரு ஆட்டுப்பட்டி போடலாம், அவ்வளவுதான்.
ஆனால் கும்பினிக்கும் கட்டாத மண், ராணிக்கும் கட்டாத மண்.
நூற்றைம்பது வருஷமாக அதில் விளைந்த கம்பு
உழுதவர் வாய்க்கே போயிருக்கிறது.
இந்த ஜில்லாவில் முதலில் விடுதலையானது
பதினேழு காட்டின் ஓரம்தான் போலிருக்கிறது.

பிசகு: இல்லை.
எழுதிக் கையெழுத்துப் போடும்போது
பன்னிரண்டு அடித்தது.

வெள்ளிக்கிழமை கொடி, மிட்டாய், விடுமுறை.
சனிக்கிழமை பத்து மணிக்குப் பாவாயி வந்தாள்,
பன்னிரண்டாவது காட்டுக்காரி, பாக்கி கட்ட.
முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்:
"அவங்கதான் போயிட்டாங்களே,
இன்னும் எதுக்குங்க?"

காசில் இன்னும் பழைய ராஜாவின் தலை.
பதில் என்னிடம் இல்லை.
ரசீதில் விஸ்தீரணம் என்ற கட்டத்தில்
இளைத்த எண்ணையே எழுதி நீட்டினேன்.

அவளுக்கு எழுத்து தெரியாது.
மை காயும்வரை
அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.