சந்திரனில் நாலு பத்துக்குத் தண்ணீர்

ஆராய்ச்சி செய்ய வந்த பையன்
முன்னோடி, முன்னோடி என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
மாட்டுங்கா லேபர் கேம்ப் குழாயடியில்
பரிபூரணத்துக்கு முன்னால்
எப்போதும் நான்தான் நின்றேன்.

பகலில் தாதர் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போடுவாள்.
ராத்திரி, பேசி முடித்த கால் சீட்டுகளின் முதுகில்
சந்திரனுக்கு ஆள் அனுப்புவாள்.
அறுபத்தாறில் முதல் நாவல்.
அங்கேயும் விடிகாலை நாலு பத்துக்குத்தான் தண்ணீர்.
இருபது நிமிஷம்.
இடம் பிடிக்க ஆளுக்கொரு செங்கல்,
சாக்கட்டியில் பேர் எழுதி.

சந்திர மண்டலத்தில் செங்கலா அம்மா என்று
பத்திரிகை ஆபீஸ் கேட்டது.
செங்கலை எடுப்பதானால்
கதையையும் திருப்பி அனுப்பவும்.
கார்டு நான் வாங்கிக் கொடுத்தது.

அந்த நாவலில் பூமியிலிருந்து ஒருத்தி
மகனைக் கூப்பிடுவாள்.
சாப்பிட்டியா என்று கேட்டால்
சாப்பிட்டேன் வந்து சேர இரண்டரை விநாடி.
எப்படிடி தெரியும் என்றேன்.
"வெளிச்சம் போய்வர அவ்வளவு நேரம் ஆகும்.
பொய் சொல்றதுக்கும் அவ்வளவுதான் ஆகும்.
தினம் கேக்கிறேனே."

ஒன்பதாம் அத்தியாயத்தில்
அடுத்தவள் செங்கலைக் காலால் தள்ளி
நசுங்கின அலுமினியக் குடத்தை நுழைக்கிறாளே,
அது நான்.
எட்டு நாள் பேசவில்லை.
பிறகு அவளே வந்து
கடைசி அத்தியாயத்தில் முதல் குடம் உனக்குத்தான் என்றாள்.
படித்துப் பார்த்தேன்.
பாதிக் குடம்.

நிஜமாகவே ஆள் இறங்கின அன்று
இரானிக் கடை ரேடியோவைச் சுற்றி
ஊரே கைதட்டியது.
இவள் கேட்டாள்:
"குடம் எடுத்துட்டுப் போனாங்களா?"

ஏழு நாவல். ஐந்துதான் கிடைக்கிறதாம்.
மிச்சம் ஏதோ ஒரு ஜூலையில்
இடுப்பளவு தண்ணீரோடு போயிருக்கும்.
இறப்புச் சான்றிதழில்
தொழில்: ஆபரேட்டர், ஓய்வு.

விஞ்ஞானம் எங்கே படித்தார்கள் என்றான் பையன்.
குழாயைக் காட்டினேன்.
இரண்டு வருஷமாகக் காற்றுதான் வருகிறது,
டாங்கருக்கும் வரிசைதான் என்றேன்.
குழாயைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

கீழே கிடந்ததை எடுக்கவில்லை.
மூலை உடைந்த செங்கல்,
'ப' மட்டும் மிச்சம்.
மழைக்கு மழை நான்தான் எழுதி வைக்கிறேன்.
ஒருநாள் அவசரத்தில் கால் அதன்மேல் போனது,
பழைய பழக்கம்.
எடுத்துவிட்டேன்.
தள்ளினால் அவளுக்குத் தெரிந்துவிடும்,
என்ன,
இரண்டரை விநாடி கழித்து.