சில்லுக் கணக்கு

பத்து ரூபாய்க்கு ஒரு பக்கம்
பிரதி எடுக்கிற கடை, பரமேஸ்வராச் சந்தி.
துவாரகேசன் விக்க நிக்கிற காபன் சில்லுச் சோடி
ஒரு லட்சத்து முப்பதினாயிரம்.
பதின்மூவாயிரம் பக்கம்,
அதுவும் மிசினும் தாளும் மையும் என்ரையெண்டால்.
அதெல்லாம் முதலாளியின்ரை.
என்ரை,
தாளை நேராய்த் தட்டி வைக்கிற கை.

சீட்டெடுத்த காசு நாப்பத்தெட்டாயிரம்
கடித உறை ஒண்டுக்குள்ளை.
மத்தியானத்துக்குள்ளை மூண்டு தரம் எண்ணிப் பாத்தன்.
எண்ணினதாலை கூடேல்லை.

சைக்கிள், நோர்வேயிலை ஆரோ ஓடிக் களைச்சு
கப்பலிலை வந்த பழைய றேசர்.
பின்சில்லு இந்த மாசம் மட்டும்
ரண்டு கம்பி முறிச்சிட்டுது,
ரண்டும் நாவற்குழிப் பாலத்தடியிலை,
நேத்தி வைச்ச மாதிரி அதே இடம்.
நெளிஞ்ச றிம் ஒவ்வொரு சுத்துக்கும்
பிறேக் கட்டையைத் தொட்டுத் தொட்டு,
சரக்.
சரக்.

விடியப்புறம் பாசையூர்ச் சந்தை.
றெஜினாவின்ரை தராசுக் கொக்கியிலை
சில்லைக் கழட்டிக் கொழுவினன்.
பூவைத் தூக்கிச் சிவப்புப் பாக்கிற மாதிரி
அச்சைத் திருப்பிப் பாத்தாள்.
"ஆயிரத்து நூத்தி எண்பது."
துவாரகேசனின்ரை எண்ணூத்தி முப்பது எண்டன்.
"முந்நூத்தி அம்பது கிறாமுக்கோ லட்சம்?
நிறை குறைக்கிறதெண்டால் என்னட்டை வா தம்பி,
தராசிலையே குறைச்சுத் தருவன்."
சூடை வாங்க வந்த சனமெல்லாம் சிரிச்சுது.

எண்டாலும் ஒரு ஞாயிறு
ஓடிப் பாக்கக் கேட்டு வாங்கினன்.
மானிப்பாய் தாண்ட
கறுப்பு றிம் ரண்டும் 'உம்ம்' எண்டு துடங்கிச்சு,
தேன்கூட்டுக்குக் கிட்டக் காது வைச்ச மாதிரி.
சங்கானை மட்டும் மிதிச்சது நானோ எண்டு தெரியாது.
முட்டி நோ இல்லை, கடன் இல்லை,
ஒரு றோட்டு, ஒரு சத்தம்.

பொன்னாலைப் பாலத்திலை சோளகம்.
உள்ளங்கை அகல றிம்மிலை
காத்து இடப்பக்கத்தாலை பிடிச்சுது.
மிசினுக்குள்ளை தாள் கோணலாய் இழுபடுமே,
அப்பிடி.
நான் கடல் பக்கம் திருப்ப
சில்லு மினிபஸ் பக்கம் போகுது.
கோர்ன் அடிச்சவன் என்ரை பரம்பரையையே விசாரிச்சான்.
இறங்கினன்.
பதின்மூவாயிரம் பக்கத்தையும்
காரைநகர் மட்டும்
உருட்டிக்கொண்டு நடந்தன்.

ஸ்ரான்லி வீதி, மரியசீலன் கடை.
அலுமினியம், இருபத்தெட்டுக் கம்பி,
நிறத்திலையோ வடிவிலையோ ஒரு விசேசமும் இல்லை.
"முறிஞ்சால்?"
"கம்பி இஞ்சை இருக்கு. நாளைக்கும் இருக்கும்."
பின்சில்லு மட்டும், இருபத்தி நாலரை.
முன்சில்லிலை என்ரை பாரம் குறைவு,
அது இன்னும் ஒரு வருசம் பொறுக்கும்.
மிச்சத்துக்கு நல்ல ரயர் ரண்டு, இருபத்தெட்டு அகலம்.
பிறேக்குக்கும் ரயருக்கும் நடுவிலை இடமிருக்கோ எண்டு
ஆரோ கடையிலை விட்டிட்டுப் போன
அடையாள அட்டைப் பிரதியை நாலாய் மடிச்சு விட்டுப் பாத்தன்.
போச்சுது, உரசிக்கொண்டு.
ரியூப், பூட்டுக் கூலி எல்லாம் போக
எண்ணூறு ரூபா மிச்சம்.

இப்ப முன்னுக்கு வெள்ளி, பின்னுக்குக் கறுப்பு.
வடிவில்லை எண்டான் துவாரகேசன்.
கறுப்பு வெள்ளைதானே என்ரை தொழில் எண்டன்.
முதல் நாள் கம்பியள்
டிங், டிங் எண்டு தங்கடை இடத்திலை இருந்தினம்.
நாவற்குழிப் பாலம் ஒண்டும் கேக்காமல் விட்டுது.
எண்ணூறுக்கு றெஜினாட்டை அரைக் கிலோ விளைமீன்,
நிறையைப் பற்றி நான் கதைக்கேல்லை.

அவன்ரை சில்லு இன்னும் விக்கேல்லை.
காத்தில்லாத விடியலிலை
'உம்ம்' எண்டு என்னைத் தாண்டிப் போறான்.
சங்கானை மட்டும் அந்தச் சத்தத்துக்குப் பின்னாலைதான் போறன்.
அடுத்த சீட்டுக்கும்
பேர் குடுத்தாச்சு.