அரை அங்குலம்

தோள் பதினெட்டு. மார்பு முப்பத்தெட்டு.
வலக்கை முப்பத்து மூன்று.
இடக்கை முப்பத்து இரண்டரை.
யாருக்கும் இரண்டு கையும் ஒன்றாய் இருப்பதில்லை,
அளவுப் புத்தகம் எழுதுகிறவனுக்கு இது தெரியும்.
வெட்டுகிறவனுக்கு அவசரம்,
இரண்டையும் முப்பத்து மூன்றென்று வெட்டிவிட்டான்.

பெயர் வெர்னன். வயது இருபது.
சைகோனிலிருந்து ஐந்து நாள் விடுப்பு.
அறுபத்தெட்டு, செப்டம்பர் கடைசி,
நார்த் பிரிட்ஜ் சாலை, லச்மன்தாஸ் சேட் கடை.
கண்ணாடிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றான்
யாரோ சரணடையச் சொன்னதுபோல.

நவம்பரில் எங்கள் ஊரில் தேர்தல், என்றான்.
உன் ஓட்டு யாருக்கு, என்றேன்
ஊசியை வாயில் கடித்தபடி.
ஓட்டுக்கு இருபத்தொன்று ஆக வேண்டுமாம்.
சுடுவதற்குப் பதினெட்டு போதுமாம்.
அவனே சிரித்தான். நான் குனிந்து
கால்சட்டை நீளம் பார்த்தேன்.

விமானத்தை ஒருநாள் முன்தள்ளிவிட்டார்கள்.
இடக்கை அரை அங்குலம் தொங்கியது.
வைத்திரு சவரி, சரிசெய்து வை,
வந்து வாங்கிக்கொள்கிறேன்.
முன்பணம் இருபது வெள்ளி. பாக்கி முப்பத்தைந்து.

நவம்பர் ஆறு. விடிந்ததிலிருந்து மழை.
வானொலி மதியம் சொன்னது,
கோப்பிக் கடை மூடும்போதும் அதையே சொன்னது:
இன்னும் எண்ணுகிறார்கள்.
நம் மொழியில் கணக்கிடவும்
நினைத்துப் பார்க்கவும் ஒரே சொல்.
அவர்கள் முதலாவதைச் செய்துகொண்டிருந்தார்கள்.
நான் இடக்கையைப் பிரித்து
அரை அங்குலம் ஏற்றித் தைத்தேன்.

நூலிழையில் ஒருவர் ஜெயித்தார்.
போர் நீண்டது. வெர்னன் வரவில்லை.
நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் கோட்டின் முதுகுத் தையலுக்குள்
ஓர் அங்குலம் துணி விட்டுத்தான் தைப்போம்,
வெளியே தெரியாது,
ஆள் பெருத்தால் பிரித்து விடலாம்.
அப்படி மடிந்து கிடக்கிறது
இன்னொரு வருடம்.

அதில் வெர்னனின் ஊரில்
நான்கு மணிக்கு மழை நிற்கிறது.
செருப்புத் தொழிற்சாலையின் பகல் ஷிப்ட் பெண்கள்
வீட்டுக்குத் திரும்பாமல்
பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.
ஒருத்திக்கு இடுப்பில் பிள்ளை.
நூறு பேரில் ஒருவர் போதும்.
மற்றவர் ஜெயிக்கிறார்.
தை மாதம் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போட்டுப்
பெட்டியில் அடுக்குகிறார்கள்.
பங்குனியில் வெர்னன் வருகிறான்,
வீட்டுச் சாப்பாட்டில் ஒரு சுற்றுப் பெருத்து.
நான் முதுகைப் பிரிக்கிறேன்.

பிரித்தால் என் பக்கமும் பிரிகிறது.

வெள்ளைக்காரன் செம்பவாங் தளத்தை மூடுகிறான்,
அண்ணன் ஞானப்பிரகாசத்திடம் கடிதம் கொடுத்துவிட்டான்.
பதினாறு வருடம் கப்பலடியில் துரு சுரண்டியவனுக்கு
எங்கள் கடையில்தான் இஸ்திரி வேலை கிடைத்தது.
ஏன் கிடைத்தது?
ஒவ்வொரு விமானமும் நாற்பது மார்புகளைக் கொண்டுவந்தது.
ஆர்டர் தள்ள முடியவில்லை.
தங்கை ஆரோக்கியத்தின் சங்கிலி,
குவீன்ஸ்டவுன் ஓரறை வீட்டு வாடகை,
எல்லாம் அந்த நாற்பதில் வந்தது.
இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை.
எந்தக் கட்டளையை மீறினாய் என்பார் சாமியார்,
எனக்கு எண் தெரியாது.

மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சேட் சொன்னார்,
வேறு யாருக்காவது தள்ளிவிடு.
பாக்கி முப்பத்தைந்தை நானே கட்டினேன்,
மாதம் ஐந்தாக.

கோட்டு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.
வேறு யாருக்கும் சேராது, அந்த இடக்கை.

சில இரவுகளில் அந்த இன்னொரு வருடத்தில் நிற்கிறேன்.
கடையில் ஆள் குறைத்துவிட்டார்கள்.
அண்ணனும் நானும் நார்த் பிரிட்ஜ் சாலையில்
வேலை கேட்டு நடக்கிறோம், மழை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒரு பையன் கையை நீட்டிப் பார்க்கிறான்,
மடக்கிப் பார்க்கிறான்.

சரியாக இருக்கிறது.
அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.