வசந்தகாலச் செய்திமடல், நூற்றிருபது சொற்களுக்குள்

டீன் அலுவலகம் தந்த அளவு நூற்றிருபது சொல்.
விளையாட்டுக் காயப் பராமரிப்புத் துறைக்கு அவ்வளவுதான்.
இசைத் துறைக்கு இருநூறு. அவர்களுக்குப் புதுப் பியானோ வந்திருக்கிறது.

எங்களுக்கு வந்தது ஐஸ் இயந்திரம்.
அதிலிருந்தே தொடங்குகிறேன்:
ஸ்லெட்டன் குடும்பத்தார் சோளக் கொல்லையில் பாதியை விற்றபோது
வாங்கித் தந்தது. நாளொன்றுக்கு இருநூறு கிலோ.
பழையது ஜனவரியில் செத்தது,
வெளியே டகோட்டா முழுக்க உறைந்து கிடக்க
உள்ளே ஒரு கட்டி ஐஸ் பிடிக்காமல்.
(இந்த வரியை அடித்துவிட்டேன். ஹாஸ்கெல் சிரிக்கமாட்டார்.)

அடுத்தது, சான்றிதழ்த் தேர்வில் நால்வர் தேறினர்.
எத்தனை பேரில் என்று யாரும் கேட்கவில்லை.
ஐந்தாமவன் தண்ணீர்க் குடுவைகளை விளிம்புவரை நிரப்புகிறவன்,
ஒரு சொட்டு சிந்தாமல் மைதானம் கடப்பவன்.
ஜூலையில் மறுபடி எழுதுவான்.

இனி அக்டோபர்.

அக்டோபரை எழுத முடியாது.
ஒருவன் உடம்பில் நடந்தது அவனுக்கே சொந்தம்
என்கிறது சட்டம். சட்டம் சரிதான்.
அதனால் இந்தத் தாளின் பின்பக்கத்தில்,
பெயரை மாற்றி, எனக்காக:

கேஜ் என்று வைத்துக்கொள்வோம்.
மோதி விழுந்தான், உடனே எழுந்தான்,
எழுந்த வேகத்தில் எதிரணி வரிசையில் போய் நின்றான்.
ஆயிரத்து இருநூறு பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.
தியா பிரான்வோல்ட் சிரிக்கவில்லை.
மூன்றாம் ஆண்டு மாணவி, இடுப்பில் டேப் சுருள்,
காலையில் முப்பத்தொரு கணுக்கால் சுற்றிய விரல்கள்.
அவனை பெஞ்சில் உட்காரவைத்து
மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாள்.

டிசம்பர், என்றான்.
நவம்பர்.
செப்டம்பர்.

தான் உட்கார்ந்திருந்த மாதத்தையே
அவன் தாண்டிப் போயிருந்தான்.

அவள் ஹாஸ்கெலைப் பார்த்துத் தலையசைத்தாள்.
அவர் வந்து, குனிந்து பார்த்து, அதையே சொன்னார்.
பயிற்சியாளர் முதலில் கத்தினார்,
அப்புறம் கெஞ்சினார்; கெஞ்சியதுதான் கேட்கச் சகிக்கவில்லை.
தியா ஒன்றும் பேசவில்லை.
கேஜின் ஹெல்மெட்டை எடுத்தாள்.
அது இல்லாமல் களத்தில் இறங்க முடியாதல்லவா,
மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு
கடைசிப் பதினொரு நிமிடமும் குளிரில் உட்கார்ந்திருந்தாள்,
யாரோ பெற்ற பிள்ளையை
யாரோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னதுபோல.

ஒரு புள்ளியில் தோற்றோம்.

அந்த ஒரு புள்ளியைப் பற்றி
பெட்ரோல் நிலையத்தில், தேவாலயத்துக் காப்பி மேசையில்,
என் சொந்த அண்ணன் வாயில்
குளிர்காலம் முழுக்கக் கேட்டேன்.
நடக்காமல் போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
நடக்காததை எப்படிப் பேசுவது?
அதற்கு ஸ்கோர்போர்டில் இடமில்லை.

கேஜ் இப்போது நலம். ஆடத் தொடங்கிவிட்டான்.
தியாவிடம் மட்டும் பேசுவதில்லை.
ஆனால் காலை ஆறேகாலுக்கு மூன்றாம் மேசைக்கு வருகிறான்,
வலது காலுறையைக் கழற்றுகிறான், சுவரைப் பார்க்கிறான்.
வேறு இரண்டு மேசைகள் காலியாகத்தான் இருக்கின்றன.
அவள் டேப் கிழிக்கும் சத்தம் என் அலுவலகம்வரை கேட்கும்,
குதிகால், வளைவு, மறுபடி குதிகால்.
முடிந்ததும் பாதத்தில் ஒரு தட்டு தட்டுவாள்.
எல்லோருக்கும் தட்டுவதுதான்.

முன்பக்கம் திருப்புகிறேன்.
ஐஸ் இயந்திரம், நால்வர், ஸ்லெட்டன் குடும்பத்துக்கு நன்றி,
கோடையில் சேர விண்ணப்பிக்க வேண்டிய தேதி.
எண்ணிப் பார்த்தால் இன்னும் ஒன்பது சொல் மிச்சம்.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு
தேவைகள் என்ற தலைப்பின் கீழே சேர்த்தேன்:

பயிற்சி அறைக்குப் பூட்டுள்ள அலமாரி ஒன்று தேவை.
ஹெல்மெட் கொள்ளும் அளவில்.