எடைச் சீட்டின் பின்பக்கம்

திங்கள் இரவு எடைமேடை நின்றுபோனது.
மா ஏற்றிய லொறிகள்
சீனக்குடா வளைவு மட்டும் வரிசை.
திரையில் ஒரு சிவப்புப் பெட்டி:
உங்கள் கோப்புகள் எங்களிடம் பத்திரமாக உள்ளன.
பிழையே இல்லாத ஆங்கிலம்.
கடைசியில் நன்றியும் போட்டிருந்தார்கள்.

கிண்ணியா சலாகுதீன் ஜன்னலில் தட்டினார்.
"பாரம் தெரியாமப் போனது மாவுக்கா தங்கச்சி,
மெஷினுக்கா?"

கோட்டை வாசலில்
என் பையைத் திறந்து பார்த்த காலம் உண்டு.
மான்களை யாரும் மறித்ததில்லை.
இதுவும் அப்படித்தான் வந்திருக்கும்,
அவசரமில்லாமல்,
ஊர்ப் பிராணியின் முகத்தோடு,
பழகிய கடைக்காரரின் பற்றுச்சீட்டு மின்னஞ்சலாய்.

மறுநாள் உப்புவெளியில் மாநாடு.
ஏழு நாட்டுக் கொடி.
எட்டாவதாய், மாடிக் கம்பியில் யாரோ காயப்போட்ட துவாய்.
அரசுகளும் நிறுவனங்களும் கைகோர்க்கும் என்று
மூன்று மொழியில் பதாகை;
தமிழில் மட்டும் ஒரு 'ர்' விழுந்திருந்தது.

எங்கள் பணிப்பாளர் மேடையில் சொன்னார்:
எங்கள் பாதுகாப்பு மிகப் பலமானது.
அவர் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டிருந்தது
மூன்றாம் வரிசையிலிருந்து
நான் எடுத்த அழைப்பு.

நிறுவனம் முறைப்படி அறிவிக்கட்டும் என்றது அமைச்சு.
அமைச்சு முதலில் இரகசியம் காப்பதாய் ஒப்பமிடட்டும்
என்றது நிறுவனம்.
மென்பொருள் விற்றவர்கள்
பதினேழாம் பக்கத்தைக் காட்டினார்கள்.
காப்புறுதிக்காரர் லண்டனிலிருந்து:
எவரிடமும் கதைக்க வேண்டாம்.

எவரிடமும் கதைக்கவில்லை.
சோற்று வரிசையில் என் பின்னால் நின்றவளிடம்
கரண்டியை மட்டும் கொடுத்தேன்.

அன்றிரவு மூன்று பத்துக்குத் தொலைபேசி.
"தஹ்மினா. சிட்டகொங்.
உங்களோடு போட்டிக்கு நிற்கிற கம்பெனி.
மத்தியானம் உன் கண்ணைப் பார்த்தேன்.
மார்ச் மாதம் எனக்கும் அப்படித்தான் சிவந்திருந்தது.
எங்களுக்கும் நடந்தது.
வெளியில் சொல்லவில்லை. சொன்னது தெரிந்தால்
நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.
பேனை இருக்கிறதா?"

கைக்கு அகப்பட்டது
கடைசியாய் அச்சான எடைச் சீட்டு.
அவள் எழுத்தெழுத்தாய் வாசித்தாள்:
ஒரு கோப்பின் பெயர்,
அது விழித்தெழும் நேரம்,
அது வீட்டுக்குக் கதைக்கும் முகவரி.
பூச்சியமா ஓ-வா என்று இரண்டு தரம் கேட்டேன்.
இரண்டு தரமும் பொறுமையாய்ச் சொன்னாள்.
பின்னணியில் அவளுடைய அறை மின்விசிறி,
அல்லது என்னுடையது.

விடிய ஆறுக்கு மேடை இலக்கம் காட்டியது.
சலாகுதீன் லொறி ஏறி இறங்கியது.
"இவ்வளவுதானா," என்றுவிட்டுப் போனார்.

வியாழன் ஒப்பந்தம் ஆயிற்று.
பதினான்கு கையெழுத்து, ஒரு படம்.
அதில் தஹ்மினா இடது ஓரம், நான் வலது ஓரம்,
அறிமுகமில்லாதவர்கள் போல.

சீட்டு இன்னும் என் கைப்பையில்.
முன்பக்கம் மாவின் பாரம், கிலோவில்.
பின்பக்கம் அவளுடைய வேலை.

இன்று பேப்பரில் ஒரு மூலைச் செய்தி:
தூத்துக்குடியில் ஒரு களஞ்சியம்,
தொழில்நுட்பக் கோளாறாம், லொறிகள் காத்திருக்கின்றனவாம்.
கதவைச் சாத்திவிட்டு
அங்கே இரவு வேலை செய்பவரின் இலக்கத்தைத்
தேடிக்கொண்டிருக்கிறேன்.