கீழ்ப்பிரிவு

பன்னிரண்டரைக்கு அழைப்பு வந்தது:
மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு கோபுரம் மூச்சு விடவில்லை,
ஏறிப் பாருங்கள்.
நானும் சுமித்தும் ஏறினோம்,
ஸ்ட்ராத்மோர் தோட்டம், ஏழாம் நம்பர் மலை,
நனைந்த செடிகளுக்கு நடுவே
ஆளுக்கொரு டீசல் கேனோடு.

வடிகட்டியில் தண்ணீர். அவ்வளவுதான் கோளாறு.
கழற்றி, ஊதி, துடைத்து, மாட்டி
மஞ்சள் பொத்தானை அழுத்தியதும்
ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
கோபுரம் தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக்
கேட்கத் தொடங்கிற்று:
யாராவது இருக்கிறீர்களா?
யாராவது இருக்கிறீர்களா?

கீழே லயங்களில்
தலையணைக்கடியிலும் அரிசி வாளி மூடியின் மேலும் கிடந்த
கைபேசிகள்
தூங்குகிறவர்களுக்குத் தெரியாமலே சொல்லின:
இருக்கிறேன்.
மடிக்கணினித் திரையில் எண் ஏறியது.
மூன்று. பதினொன்று. நூற்று நாற்பது.
எங்கள் ஆட்களை இத்தனை வேகமாக
எந்த அரசாங்கமும் எண்ணியதில்லை.

மூடுபனி முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது.
மேலே நட்சத்திரங்கள்,
நிறுக்க ஆளில்லாத குவியல்.
தூரத்தில் சில மட்டும் வரிசையாய் மேலேறின.
அவை சிவனொளிபாதத்து விளக்குகள் என்று புரிய
கொஞ்ச நேரம் பிடித்தது.
சுமித் சிரீபாத என்றான்.

பிறகு அண்ணாந்தபடியே,
"உட கவுருஹரி இன்னவத?"
மேலே யாராவது இருக்கிறார்களா.
மலையைப் பற்றி அவன் கேட்கவில்லை.

இருந்தால் அவர்களுக்கும் விடியற்காலைப் பிரட்டு இருக்குமா என்றேன்
என் ஓட்டைச் சிங்களத்தில்.
கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவார்களா?
அறிவுள்ளவர்கள் என்றால்
தராசை முதலிலேயே உடைத்திருப்பார்களே.
சுமித் சிரித்தான்.
அல்லது குளிரில் பல் அடித்தது.

ஏதோ வீடியோவில் பார்த்தானாம்:
இங்கிருந்து போகும் ஒரு வணக்கம் போய்ச்சேர ஆயிரம் வருசம் ஆகலாம்,
பதில் வர இன்னோர் ஆயிரம்.
ஆனாலும், என்றான்,
இவ்வளவு பழைய வானம்.
இதற்குள் ஒன்றாவது வந்திருக்க வேண்டாமா?
வரவில்லை என்றால் யாருமில்லை.

எனக்கு அக்காவின் கடிதம் ஞாபகம் வந்தது.

புஷ்பலீலா, தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தவள்.
எங்கள் லயத்துக்கு இலக்கமில்லை,
பாதைக்குப் பேரில்லை.
ஸ்ட்ராத்மோர், கீழ்ப்பிரிவு.
முந்நூற்றுப் பத்துப் பேருக்கும் அதுதான் முகவரி.
கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்தது.
ஆபீசில் இருந்தது.
கிளாக்கரின் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் இருந்தது.
நேர்முகத் தேர்வு முடிந்த பத்தொன்பதாம் நாள்
வட்டக் கறையோடு எங்கள் கைக்கு வந்தது.
அதுவரைக்கும் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்,
கொழும்பில் யாரும் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை போல என்று.

பார்த்திருந்தார்கள்.
கூப்பிட்டிருந்தார்கள்.

நாங்கள் ஏறிவந்த ஏழாம் நம்பரில்
இப்போது அவளுக்கு ஒரு நிரை இருக்கிறது.

இதையெல்லாம் சொல்ல என் சிங்களம் போதவில்லை.
"லியும பரக்குயி" என்றேன்.
கடிதம் தாமதம்.
அவன் தலையாட்டினான்,
புரிந்தோ புரியாமலோ.

சப்பாத்தைக் கழற்றினேன்.
கணுக்காலில் அட்டை, தடித்து, நிதானமாக.
இந்த இருட்டில், இந்த டீசல் நாற்றத்தில்
நான் இருப்பதைக் கண்டுபிடித்து
நேரே வந்து சேர்ந்திருக்கிறது.
சுமித் வெற்றிலைச் சுண்ணாம்பு தொட்டு வைத்தான்.
இரத்தம் நிற்க நேரமாகும்,
உட்கார்ந்திருந்தோம்.

எங்கோ ஓர் ஆபீசில் கிடக்கலாம்,
பூமி, கீழ்ப்பிரிவு என்று மட்டும் எழுதி
எப்போதோ வந்த ஒன்று.

இறங்குமுன் திரையைப் பார்த்தேன்.
நூற்று அறுபத்தொன்று.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
நூற்று அறுபது.
பேட்டரி தீர்ந்திருக்கும் யாருக்கோ.
ஆள் இருக்கிறார்.